டிராக்டரின் பன்னிரண்டு துணை உறுப்புகள்

நெல் விவசாயம் மாடுகளைக் கொண்டு நடத்தப்படுகிறது என்கிற செய்தி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், அப்போது நாஞ்சில் நாட்டை ஆண்டுகொண்டிருந்த திருவனந்தபுரத்துக்குத் தெரியவந்தது. சர்க்கார் மிகவும் வருத்தப்பட்டது. மாடு வழியில் நின்று சாணி போடுகிறது. மத்தியானம் படுத்து அசைபோடுகிறது. டிராக்டர் இப்படியெல்லாம் செய்ததாக எந்தப் பைலிலும் இல்லை. ஆகவே நாஞ்சில் நாட்டுக்கென்று 'நிலைத்து நிற்கும் யந்திர விவசாயத் திட்டம்' ஒன்று பிறந்தது. சர்க்காருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாதாகையால், அந்தப் பொறுப்பு தனியார் தொழில்முயற்சிக்கு விடப்பட்டது.

தனியார் தொழில்முயற்சி என்றால் நாகர்கோவில் ஜெயசிங். அதுவரை தையல் மிஷின் விற்றுக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். தையல் மிஷின் எப்படிப் பெண்களைக் காப்பாற்றியதோ அப்படியே டிராக்டர் ஆண்களைக் காப்பாற்றும் என்று மனதார நம்பினார். திட்டத்தை மேற்பார்க்க வைகுண்டராஜன் என்பவர் ஸ்பெஷல் ஆபீசராக வந்தார். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். அந்த ஷூவில் சேறு பட்டதே இல்லை என்பது இலாகாவில் அவருக்கிருந்த பெருமை.

முதல் செய்முறை விளக்கத்துக்குத் தோவாளைக்கு அப்பாலுள்ள ஆலடிப்பற்று என்கிற ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம், அங்கே சண்முகவடிவு என்பவளின் வயல் ரோட்டோரமாக இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்காமலே பார்க்கலாம்.

சண்முகவடிவு புருஷன் இறந்தபின் தானே ஏர் பிடித்து உழுதவள். ஊர் முதலில் முகம் சுளித்தது. பிறகு கூலிக்கு உழவும் அவளையே கூப்பிட்டது. அவளிடம் மயிலை, செவலை என்று இரண்டு காளைகள். ஊரில் மொத்தம் ஆறு ஏர், பன்னிரண்டு மாடு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்து, மிச்சமிருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் அது.

"இதுக்கு இருபத்தஞ்சு குதிரை சக்தியம்மா!" என்றார் ஜெயசிங்.

"சேத்துல குதிரை என்னத்துக்கு ஆகும் சாரே?" என்றாள் சண்முகவடிவு.

டிராக்டர் வயலில் இறங்கியது. பத்தடி போனது. பிறகு மெதுவாக, மரியாதையாக, ஆசனம் வரைக்கும் புதைந்தது. ஜெயசிங் கழுத்து டை கலையாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் ஜெயசிங், இப்போது என்ன நடக்கிறது?" என்று ஜீப்பிலிருந்து கேட்டார் வைகுண்டராஜன்.

"நிலைத்து நிற்கிறது சார்."

கடைசியில் ஊரிலுள்ள பன்னிரண்டு மாடுகளையும் பூட்டி இழுத்தார்கள். டிராக்டர் எழுந்தது, ஆனால் எஞ்சின் எழவில்லை. பின்னால் இருந்த கலப்பையை மேலே தூக்குகிற கைப்பிடி எதுவென்று ஜெயசிங்குக்கு மறந்துபோயிற்று. மாடுகள் இழுக்க, டிராக்டர் போக, கலப்பை மண்ணைக் கிழிக்க, மத்தியானத்துக்குள் வயல் உழுதாகிவிட்டது.

வைகுண்டராஜன் அறிக்கை எழுதினார். 'டிராக்டர் உழுத பரப்பு: ஒரு ஏக்கர்.' படிவத்தின் அடுத்த கலத்தில் பேனா நின்றது. 'இயக்கிய சக்தி' என்று அச்சடித்திருந்தது.

"மாடுன்னு எழுதுங்க சாரே. அதுதானே இழுத்துச்சு?" என்றாள் சண்முகவடிவு.

"மாட்டை ஒழிக்க ஏற்பட்ட திட்டத்தில் மாட்டை எப்படியம்மா எழுதுவது?"

சிறிது யோசித்து எழுதினார்: 'துணை உறுப்புகள் - பன்னிரண்டு.'

திருவனந்தபுரம் மகிழ்ந்தது. பூரண யந்திரமயமான கிராமத்துக்கு வாய்க்கால் தண்ணீர் இனி முதல் முறையில் விடப்படும் என்று உத்தரவு வந்தது. ஒரேயொரு நிபந்தனை. 'எங்கள் கிராமத்தில் மாடு என்று ஒன்று இல்லை' என்று ஊரார் கையெழுத்துப் போடவேண்டும்.

ஊர் கூடியது. யோவான் முதலில் எழுந்தார். அவர் பொய் சொல்லாதவர் என்று சபையில் பேரெடுத்தவர்.

"பேரு மாறினா மாடு மாறிருமா மக்கா? தண்ணி வருதுல்லா?" என்று கையெழுத்துப் போட்டார். எல்லாரும் போட்டார்கள். சண்முகவடிவும் போட்டாள். அவளுக்கும் வயல் காய்ந்துதான் கிடந்தது.

மாடுகளின் கொம்பில் து.உ. 1 முதல் து.உ. 12 வரை பெயிண்டால் நம்பர் எழுதப்பட்டது. அந்தக் கன்னிப்பூ சாகுபடிக்கு ஆலடிப்பற்றில்தான் முதலில் தண்ணீர் பாய்ந்தது. மேல்மடைக்காரர்கள் வரப்பில் நின்று வயிறெரிந்தார்கள். நூறு சதவீத யந்திரக் கிராமம் என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் வந்தது. அதே தபாலில், மாடில்லாத ஊருக்கு மாட்டு டாக்டர் வரவேண்டியதில்லை என்கிற உத்தரவும் வந்தது. அதை யாரும் கண்ணாடி போடவில்லை.

புரட்டாசியில் கோமாரி வந்தது. மயிலையின் வாயில் நுரை தள்ளியது. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சண்முகவடிவு தாலுகா மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ரிஜிஸ்தரைப் புரட்டினார்.

"ஆலடிப்பற்றில் மாடு இல்லையேம்மா. மிஷினுக்கு மருந்து கொடுக்க எனக்கு அதிகாரமில்லை."

"பக்கத்து ஊரு மாடுன்னு எழுதிக்கிடுங்க சாரே."

"பொய் எழுதச் சொல்கிறாயா? இது சர்க்கார் ஆஸ்பத்திரி!"

உறுப்புகளுக்குக் கம்பெனி உத்தரவாதம் உண்டென்பதால் ஜெயசிங்குக்கு ஆளனுப்பினாள். அவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். மயிலையைப் பார்த்தார். கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்தார். படிவத்தில் 'முன்பக்கம் கசிவு' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அப்பாவும் ஏர்மாடு வச்சிருந்தவர்தாம்மா. ஆரல்வாய்மொழி தாண்டிப் பணகுடிப் பக்கம் கொண்டுபோங்க. அது மதராஸ் சர்க்கார் எல்லை. அங்கே மாடு, மாடுதான்."

மறுநாள் விடிந்ததும் அவள் புறப்பட்டாள். தெருமுனையில் யோவான் தன் இரண்டு மாடுகளோடு நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

"எங்களதுக்கும் ஒரு ஊசி போட்டுக் கொண்டாந்திரு மக்கா. இன்னைக்கு ஆபீசர் வாறாரு. நாங்க மாட்டோட நின்னா நல்லாயிருக்காது."

பன்னிரண்டு மாடுகளையும் அவள் ஒருத்தியாகவே மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். ஆரல்வாய்மொழி செக்போஸ்டில் இன்ஸ்பெக்டர் மறித்தார்.

"எந்த ஊரு?"

"ஆலடிப்பற்று."

"மாடே இல்லாத ஊருன்னு சர்க்குலர் வந்திருக்கு. பன்னிரண்டு மாடு எங்கே திருடினே?"

"திருடலைய்யா. எங்க ஊரு மாடுதான். கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் வைகுண்டராஜனின் ஜீப்பிலேயே ஊரார் வந்திறங்கினார்கள். அடுத்த சாகுபடியான கும்பப்பூவுக்கு முறைத்தண்ணீர் மறுநாள் காலையில் திறக்கவிருந்தது.

"இது உங்கள் மாடா?" ஒவ்வொருவராகக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஊர்ல மாடு கிடையாது சார்" என்றார் முதலாமவர். இரண்டாமவரும் அதையே சொன்னார். யோவானின் முறை வந்தபோது அவருடைய கரும்போத்து மாடு எட்டி அவர் கையை நக்கியது.

"உங்களை ஏன் நக்குது?"

"வேர்வை சார். உப்புக்கு நக்கும்."

"யோவான் அண்ணே!" என்றாள் சண்முகவடிவு.

அவர் செக்போஸ்ட் கூரையில் எத்தனை ஓடு இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு என் மாடு. பத்து இவங்க மாடு. இதுதான் சத்தியம்" என்றாள் அவள். வைகுண்டராஜன் அவளுடைய கையெழுத்தைக் காட்டினார். மாடு இல்லை என்று அழகாகப் போட்டிருந்தாள்.

பறிகொடுத்தவன் ஒருவனும் இல்லாததால் அவள் திருடியல்ல என்று விட்டுவிட்டார்கள். உரிமையாளர் இல்லாத மாடுகள் சர்க்காருக்குச் சொந்தம். சர்க்கார் மாடுகளென்றானதும் டாக்டர் வீட்டிலிருந்தே ஓடிவந்தார். பத்து நாளில் பன்னிரண்டும் குணமாகி, வடக்கே சர்க்கார் பண்ணைக்கு லாரி ஏறின. சண்முகவடிவு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மயிலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அது நன்றாகத் தின்ன ஆரம்பித்திருந்தது. அதுமட்டும்தான் அவளுக்கு ஆறுதல்.

தண்ணீரோ சொன்ன நாளில் சொன்னபடி வந்திருந்தது. வயலெல்லாம் நிறைந்து, வரப்பைத் தொட்டு, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. உழத்தான் ஒன்றுமில்லை. எழாத எஞ்சினை இழுக்கவும் மாடில்லை. மேல்மடையில் ஏர் பூட்டுகிற சத்தம் கேட்டது. ஊரார் வரப்பில் வரிசையாக நின்றார்கள். சண்முகவடிவு மட்டும் மண்வெட்டியோடு இறங்கித் தன் வயலைக் கொத்தத் தொடங்கினாள்.

"தனியாவா கொத்துதே மக்கா?" என்று யோவான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்கிட்ட மிஷின் இல்லை அண்ணே. நீங்க உங்க மிஷினை இறக்குங்க."

அவர் வேட்டியை மடித்துக்கட்டி, மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போனார்.

அன்று வைகுண்டராஜன் ஜீப்பில் வந்து, ஷூ அழுக்காகாமல் ஊரைச் சுற்றிப் பார்த்து, அறிக்கை அனுப்பினார்: 'இக்கிராமத்தில் ஒரு மாடுகூட என் கண்ணில் படவில்லை.'

அந்தப் பைலில் எழுதப்பட்ட முதல் உண்மை அது.