லேடீஸ் ஜாக்கெட்தான் லேசு

சத்தமாகப் பேசுகிறவனுக்குத் தனியாக ஓர் எதிரி வேண்டாம் என்பார், எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் அந்தோணிச் சேட்டன். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். சத்தமாகத்தான்.

அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு, மிளகு மண்டியில் வேலை. கம்பத்துக்காரனான நான் ஸ்கூபா டைவிங் பழகியிருந்தேன். (அற்பனுக்கு நீச்சல் வந்தால் அரபிக்கடலே போதாது.) அடுத்து ஒரு தீவுக்குப் போய் முங்குவதாகத் திட்டம். போவதோ சின்ன விமானம். சாமான் அதிகம் ஏற்ற மாட்டார்கள். முங்குகிறவர்கள் ஒரு சட்டை போடுவார்கள். காற்றடைத்தால் ஆளை மிதக்க வைக்கும், காற்றை விட்டால் அமிழ வைக்கும், முதுகில் சிலிண்டரையும் தாங்கும். அதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ஜாக்கெட்.

வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்கட்டும் என்று, எனக்கு டைவிங் சொல்லித் தந்த, தேவராவில் குடியிருக்கும் ஷாஜிச் சேட்டன் இரண்டு கொடுத்தார். ஒன்று அவருடையது. முதுகில் கெட்டிப் பலகை வைத்து, ஈர நெல்மூட்டை மாதிரி கனம். மற்றது அவர் மனைவியுடையது. பலகையே இல்லை, சுருட்டினால் தலையணை. மண்டி மாடியில் இரண்டையும் மாட்டிப் பார்த்து, மிளகுத் தராசில் எடை போட்டுவிட்டு, ஸ்பீக்கரில் சேட்டனை அழைத்தேன்.

“சேட்டா, லேடீஸ் ஜாக்கெட்தான் லேசா இருக்கு!”

“நினக்கு பாகமா இருக்கோடா?”

“நெஞ்சுல கொஞ்சம் இறுக்கம். ஊதினா எடுப்பா நிக்குது.”

“அப்போ நீ வெச்சோ. அவளுக்கு வேற உண்டு.”

மாடித் தரை வெறும் பலகை. கீழே உட்கார்ந்திருந்தவர் ராமசாமி மாமா, ஆலுவாவில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர். அவர் மகள் வித்யாவை எனக்குப் பேசியிருந்தார்கள். (கடலுக்கு முன்பே நான் முங்கியது அவளிடம்தான்.) பையனைச் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம் என்று வந்திருக்கிறார். நான் இறங்கி வந்தபோது சாயா கிளாஸ் அவர் வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

“தம்பி... மேல யாரோட ஜாக்கெட்டு?”

“ஷாஜிச் சேட்டன் சம்சாரத்தோடது மாமா.”

“அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“சேட்டன்தான் எடுத்துக் குடுத்தாரு. போட்டுப் பாருன்னாரு.”

“நீ... போட்டியா?”

“ரெண்டையும் போட்டேன் மாமா. சேட்டனோடதுதான் ரொம்பக் கனம்.”

“அவருமா!”

“அவர் ரொம்ப வருஷமா போடுறாரு. இங்க இப்ப நிறையப் பேரு போடுறாங்க.”

மாமா கிளாஸை வைத்தார். செருப்பைத் தேடினார். ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் ஏறினார்.

சாயங்காலம் வித்யா அழைத்தாள். “உண்மையச் சொல்லணும். அடுத்தவர் பொண்டாட்டி ஜாக்கெட்டப் போட்டீங்களா?”

அப்போதுதான் உறைத்தது. ஷாஜிச் சேட்டனுக்கு அந்தச் சொல்லில் வில்லங்கமே கிடையாது. மலையாளத்தில் மற்றதை ப்ளவுஸ் என்பார்கள். அவர்களோடே பேசிப் பேசி, தமிழனுக்கு ஜாக்கெட் என்றால் ரவிக்கை என்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

“அப்பா இந்த இடமே வேண்டாங்கிறார். நாளைக்கு அந்தக் கண்றாவியோட வந்து நில்லுங்க.”

நின்றேன். ஆலுவா வீட்டு ஹாலில், உறவினர்கள் வட்டமாக உட்கார்ந்து பார்க்க, அதை மாட்டி, குழாயை வாயில் வைத்து முகம் சிவக்க ஊதினேன். பூரி போல உப்பியது. மாமா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து விரலால் குத்திப் பார்த்தார். பயத்தில் என் கை எந்தப் பொத்தானை அமுக்கியதோ, மொத்தக் காற்றும் ‘புர்ர்ர்’ என்று வெளியேறியது. அதன் ஓசையைப் பற்றி மேலும் விவரிக்க விரும்பவில்லை. முதல் சிரிப்பு சமையலறையிலிருந்து வந்தது. வித்யாவினுடையது.

“சீக்கிரம் தேதி பாருங்கப்பா,” என்றார் மாமா வியர்வையைத் துடைத்தபடி. “இவன வெளிய விட்டா, அடுத்து எந்த வீட்டுல போயி என்ன கேப்பானோ!”

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் அந்த வீட்டில் விசேஷம் முடிந்து பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஜாக்கெட் பிட் வைத்துக் கொடுக்கும்போது, மாமியார் என்னையும் கூப்பிட்டு ஒரு தட்டை நீட்டுவார்.

“காட்டன்தான் மாப்ளே. கனமே தெரியாது.”