புகைக்குழாயும் பக்கத்து இருக்கையும்

இந்த மாதம் என் விமானத்தின் எஞ்சினை எப்படியும் ஓட்டிக் காட்டிவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

நான் லாரி மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் ஆறு வருஷமாக ஒரு விமானம் கட்டுகிறேன். இரண்டே இருக்கை. எஞ்சின் ஒரு பழைய காருடையது. மனைவி தையல்காரி. ஆறு வருஷமாக என் "அடுத்த மாசம்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே தைக்கிறவள்.

புகைக்குழாய் என் சொந்தத் தயாரிப்பு. நான்கு குழாய்களை ஒன்றாக்கி ஒரே சைலன்சரில் சேர்த்திருந்தேன். மேலே குளிருமே என்று, குழாயைச் சுற்றித் தகரம் அடித்து, அந்த வெதுவெதுப்பை இருக்கைகளுக்குத் திருப்பியும் விட்டிருந்தேன். எஞ்சினை ஓட்டத் தொடங்கிய நாலாம் நாள், குழாயைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் புகைச்சல் வேண்டாமே என்றுதான். புகை வேறு வழி பார்த்துக்கொண்டது.

மறுநாள் மாலை துணி வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்க அண்ணன் ஒரு மாசம் வந்து தங்கட்டுமா?"

"தாராளமா."

"அவனுக்கு உங்க டூல்ஸ் அலமாரியை ஒழிச்சுக் குடுத்துடலாமா?"

"குடுத்துடு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் வரலை. சும்மா கேட்டுப் பார்த்தேன். மத்தியானத்துலேர்ந்து எதைச் சொன்னாலும் தலையாட்டுறீங்க. எஞ்சினை ஓட்டினீங்களா?"

"கொஞ்ச நேரம்."

"தலைவலி?"

"லேசா."

"அண்ணன் பேரைச் சொன்னா உங்களுக்குக் கோபம்தான் தலைக்கேறும். இன்னைக்கு வேற எதுவோ ஏறியிருக்கு. எழுந்து வெளியில வாங்க."

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில், நான் ஒத்துப்போவதை நோய் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு மணி நேரம் காற்றில் உட்கார வைத்தாள். தலை தெளிந்த பிறகுதான், விரிசலில் கசிந்த புகை அந்த வெதுவெதுப்போடு சேர்ந்து இருக்கைக்கே வந்திருக்கிறது என்று உறைத்தது. விரிசலை ஒப்புக்கொண்டேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"முதல் தடவை மேல போறப்ப நானும் வரேன்," என்றாள். "ரெண்டு சீட் இருக்கே."

"நீ எதுக்கு?"

"உங்களுக்குப் போதும்னு தோணுன குழாய் எனக்குப் போதாதா?"

காலையில் ஷெட்டுக்குப் போய்ப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். வெதுவெதுப்பு வரும் துவாரம் சரியாக அவள் முழங்காலுக்கு நேராக இருந்தது. எனக்கென்றால் அந்தப் பசை போதும். அவளுக்குப் போதாது. அதை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மொத்தத்தையும் கழற்றினேன். சூடேறினால் குழாய் நீளும். நான் இரண்டு முனையையும் இறுக்கிப் பற்றவைத்ததில், நீள வழியில்லாமல் விரிசல் விட்டிருக்கிறது. புதிதாக நல்ல எஃகில் செய்து, ஒரு குழாய்க்குள் இன்னொன்று நழுவிப் போய்வர இடம்விட்டேன். வெதுவெதுப்பு வசதியே வேண்டாமென்று துவாரத்தை அடைத்தேன். விஷவாயு வந்தால் கத்தும் கருவி ஒன்றை அவள் இருக்கைப் பக்கமாகவே மாட்டினேன். மூன்று மாதம் ஆயிற்று. ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டியும் கருவி வாயைத் திறக்கவில்லை.

பறக்கும் நாளும் வந்தது. மைதானத்தில் பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டு, "ஏறு," என்றேன்.

வேலியோரம் நின்றவள் நகரவில்லை.

"நான் எங்க ஏறுறது? ஏணியில மூணாவது படியில காலை வெச்சாலே எனக்கு மயக்கம் வரும்."

"அப்ப வரேன்னு சொன்னது?"

"சொல்லலைன்னா நீங்க பசையை நம்பிக் கிளம்பியிருப்பீங்க. பார்த்துப் போயிட்டு வாங்க."

காலி இருக்கைக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு, தனியாகக் கிளம்பினேன்.