அமெரிக்க நாடகத்தில் எங்கள் நைனா

என் வீட்டு ஆட்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை திருப்பதியில், ஒரு கல்லூரி அரங்கில், இருநூறு பேர் பார்க்கச் செத்துப்போனது.

அப்போது எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். (சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் எங்கள் தெருவில் முதல் எம்.ஏ. நான்தான். அந்தத் திமிர் தனி.) பாடத்தில் ஒரு பழைய அமெரிக்க நாடகம். நெருக்கடியான வீடு, ஆளுக்கொரு கனவு, எதற்கும் வழியில்லை. அதை நம் ஊர்க் குடும்பமாக மாற்றி ஆண்டு விழாவில் போடச் சொன்னார் எங்கள் மேடம். எழுதும் பொறுப்பை யார் ஏற்றது என்று கேட்கவே வேண்டாம்.

கற்பனை செய்யச் சோம்பல். எங்கள் வீட்டையே தூக்கி மேடையில் வைத்தேன். மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குக் கூலிக்குப் போகும் அப்பா, திருப்பதியில் டிபன் கடை வைக்க ஆசைப்படுவார். முடியாமல் அழுவார். மகளுக்கு நர்ஸ் கனவு. அம்மா "சாப்பிட வாங்க" என்று நான்கு முறை சொல்வார். அப்பா வேஷம் எனக்கு. நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருமலைத் திருடினேன். அவருடைய கட்டம் போட்ட லுங்கியையும் திருடினேன்.

வீட்டுக்கும் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். மாங்காய் சீசனில் வேலையை விட்டுவிட்டு யார் வரப்போகிறார்கள்?

மூன்று பேரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

முதல் இருமலிலேயே தங்கை கவிதா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். டிபன் கடை என்றதும் நைனா அம்மாவை முறைத்தார். (அதை அவர் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தது என் குற்றமா?) நான் குலுங்கிக் குலுங்கி அழுதபோது நைனா எழுந்தே விட்டார்.

"நான் எப்படா அழுதேன்?"

"நைனா, இது அமெரிக்காக் கதை" என்றேன் மேடையிலிருந்து.

"அமெரிக்காக்காரன் ஏண்டா என் லுங்கிய கட்டிக்கினு கீறான்?"

அரங்கமே சிரித்தது. கவிதாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எனுக்கு நர்ஸ் வேலைன்னு யார் சொன்னது? போலீஸுக்குப் போறேன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்."

கடைசியாக அம்மா எழுந்தார். "அவுங்களுக்காவது தப்பா எழுதிக்கீற. எனுக்கு ஒண்ணுமே எழுதலயே."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"உனுக்கு இன்னாம்மா ஆசை?" என்றேன். பெற்ற தாயிடம் முதல்முறையாகக் கேட்கிறேன், அதுவும் மைக்கில்.

அம்மா யோசிக்கவேயில்லை. "ஒரே ஒரு வாட்டி தனியா ரயில்ல போவணும். யாருக்கும் சோறு ஆக்காம, ஜன்னலாண்ட குந்திக்கினு."

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊரா இருந்தா இன்னா."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பார்வையாளர்களுக்கு நடுவே நடிகர்களை உட்கார வைத்த புதுமைக்காக எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். (மானம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்.) சித்தூர் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஊர்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் அம்மா சித்தூரில் ரயிலேறி ரேணிகுண்டா வரை தனியாகப் போய் வந்தார். அன்று நாங்கள் கிண்டிய உப்புமாவை நாய்கூடத் தொடவில்லை.

இப்போது நான் கல்லூரி ஆசிரியர். பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், என்னை வாய் திறக்க விடாமல் நைனாவே பதில் சொல்கிறார்:

"வூட்ல பேசுறத ஒட்டுக்கேட்டு ஊருக்குச் சொல்லிக்கினு கீறான்."

இதுவரை இரண்டு சம்பந்தம், காபி ஆறுவதற்குள் எழுந்து போயிருக்கிறது.