நடுத்தட்டு மட்டும் என் பொறுப்பு

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள், வாசிப்பறையின் நடுவில் ஓர் ஏப்பம் வெடித்தது. நாற்பது தலைகள் நிமிர்ந்தன. ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த நூலகர், வேறு யாரோ செய்த மாதிரி ஜன்னல் பக்கம் முறைத்தார்.

எல்லாம் டாக்டர் செய்த வேலை. நெஞ்செரிச்சலுக்கு ரெண்டு வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை என்று நூலகர் சொன்னதும், "நிறுத்திப் பாருங்க" என்றுவிட்டார்.

"நிறுத்தினா என்ன ஆகும்?"

"மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். குறைஞ்சா வயிறு சும்மா இருக்காது. காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோனை அதிகமாச் சுரக்கும். அது இரைப்பையோட உள்சுவர்ல அமிலம் சுரக்கற செல்லையெல்லாம் பெருக வைக்கும். திடீர்னு நிறுத்தினா அத்தனையும் சேர்ந்து அமிலத்தைக் கொட்டும். கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்."

கடைசி வாக்கியம் நூலகர் காதில் ஏறவில்லை.

"இப்பவும் எரியுதா?" என்றாள் மனைவி அன்று சாயங்காலம்.

"எரியுதாவா? ரெண்டு வருஷமா வளர்ந்த கூட்டம்டி! உள்ள உக்காந்து ஊத்துது!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "பால் குடிங்க" என்றாள்.

குடித்தார். ஏப்பம் வந்தது. ஏப்பத்தை அடக்க மூச்சைப் பிடித்தார், விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கலுக்கு மடமடவென்று ஒரு செம்புத் தண்ணீர். வயிறு பானையானது.

மறுநாள் உதவி நூலகரைக் கூப்பிட்டார். "குனிஞ்சா அமிலம் மேல வருதும்மா. ஏணியில ஏறினா தலை சுத்துது. மேல்தட்டு, கீழ்த்தட்டு ரெண்டும் நீங்க பாருங்க. நடுத்தட்டு மட்டும் என் பொறுப்பு."

"நடுத்தட்டு காலியாத்தானே சார் இருக்கு?"

"அப்ப ரொம்ப நல்லது."

நாவல் கேட்டு வந்த ஒருவரை நிற்க வைத்துக் காஸ்ட்ரின் பற்றி இருபது நிமிஷம் விளக்கினார். அவர் உறுப்பினர் அட்டையையே மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாரக் கடைசிக்குள் புகார்ப் புத்தகத்தில் பதினோரு புகார். ஏப்பத்தைப் பற்றி நாலு, விளக்கத்தைப் பற்றி ஏழு.

மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். நூலகர் ஆறு பக்கம் பதில் போட்டார், இரைப்பைச் செல்லின் படத்தோடு. உடனே நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தது.

அதிகாரி முன்னால் ஏப்பம் வந்தால் வேலையே போய்விடும். டாக்டராவது மண்ணாவது என்று நூலகர் நேராக மருந்துக் கடைக்கு ஓடினார். மாத்திரை வாங்குவது எப்போதும் மனைவி. பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதும் அவள்தான். அவர் அந்தக் கடைப்படி ஏறுவது இதுதான் முதல் தடவை.

"நான் நூலகர். எங்க வீட்டம்மா மாசா மாசம் வாங்கற அமில மாத்திரை ஒரு அட்டை குடும்மா. ரெண்டு வருஷமா அதுல வளர்ந்த உடம்பு இது. அது இல்லாம நான் செத்துடுவேன்!"

கடைப்பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா வாங்கறது வெறும் வைட்டமின் மாத்திரையாச்சே சார்! 'அவருக்கு ஒரு நோயும் இல்லை, தினம் எதையாவது முழுங்கினாத்தான் புலம்பாம இருப்பாரு'ன்னு முதல்ல வாங்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்களே!"