என் காலை அளந்த ரசமட்டம்

சைக்கிள் கடை வைத்துக்கொண்டு, வாங்க வந்தவர்களையெல்லாம் வாங்கவிடாமல் திருப்பி அனுப்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ரசமட்டம் மட்டும்தான்.

செங்கம் ரோட்டில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் அவர் கடை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்பிய காலத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பிறகு, இங்கே ஆசிரமங்களில் தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் ரேஸ் சைக்கிள்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கட்டை, அந்த ரசமட்டத்தை மட்டும் அவர் கை விடவில்லை. பெயர் அப்படி வந்தது. நேரில் கூப்பிடும்போது மேஸ்திரி.

யார் சைக்கிள் கேட்டாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். சுவரில் முதுகு ஒட்ட நிற்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவே ரசமட்டத்தை நுழைத்து, ஆள் துள்ளும்வரை மேலே ஏற்றுவார். குமிழி நடுவுக்கு வந்ததும் சுவரில் பென்சில் கோடு. கோட்டிலிருந்து தரைவரை டேப். அதை வைத்துத்தான் ஃபிரேம் அளவு. இதற்கு எங்கள் ஊரில் தடிமனான புத்தகம் ஒன்றை வைப்போம் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார். மேஸ்திரி ஆடிப்போனார்.

“இன்னா டெய்லரே இது! சரஸ்வதியக் கொண்டாந்து எங்க வெக்கச் சொல்றாரு பாரு!”

ஒருமுறை ஒரு நிலத்தரகர், மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிச் சீராகக் கொடுக்க ஒரு சிவப்பு சைக்கிளைப் பார்த்து மயங்கி நின்றார்.

“மாப்ளைய கூட்டிகினு வா, தர்றேன்.”

“அவருக்குத் தெரியாம குடுக்கணும் மேஸ்திரி.”

“அப்ப அவரு காலையாவது அளந்துகினு வா.”

மாப்பிள்ளையிடம் போய்க் காலை அகட்டச் சொல்ல எந்த மாமனாருக்குத் தைரியம் வரும்? தரகர் ஒரு மோதிரம் வாங்கிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு இரண்டு வேலைதான் ஒழுங்காகக் கற்றேன். ஒன்று தையல், இன்னொன்று கவலைப்படுவது. சர்க்கரை இருக்கிறது, தினமும் சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, லாரி மோதி நான் விழுந்து கிடக்கும் காட்சிதான் முதலில் வந்தது. இருந்தாலும் வாங்கினேன். மேஸ்திரியிடம் அல்ல. அந்தச் சுவரில் நிற்க யாருக்கு ஆசை? பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்த நெட்டை வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தன் நீல சைக்கிளை மலிவாகத் தந்தார். பெரிய சைக்கிள். அதே விலைக்கு ஜாஸ்தி இரும்பு, லாபம்தானே என்று நினைத்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்மை இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தொளதொளவென்று தைக்கச் சொல்லும் ஊர் இது. தைத்துத் தைத்து எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் நான் இனி வளரப்போவதில்லை என்பது தோன்றவில்லை.

கிரிவலப் பாதையில் ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது. ஒரு வாடிக்கையாளரின் பட்டுத் துணியில் கோடு ஒரு பக்கம் போக, கத்தரி ஒரு பக்கம் போனது. பக்கவாதம்தான் என்று முடிவு கட்டினேன். டாக்டர் கையை அழுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதினார். வீட்டில் சொன்னேன்.

“போன மாசம் நெஞ்சு, இந்த மாசம் விரலா?” என்றாள் மனைவி. பேச்சு முடிந்தது.

ஆனால் கை போனால் நான் என்ன செய்வேன்? வேறு எதுவும் தெரியாதே. எதற்கும் சைக்கிளை விட்டுவிடலாம் என்றால் சர்க்கரை. ஓட்டினால் விரல். இரண்டு பக்கமும் பயந்தபடி ஒரு நாள் காலை ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல்.

“யோவ் டெய்லரே, நிறுத்து! சைக்கிள் ஓட்றியா, கொடியில காயிறியா?”

நிறுத்தினேன். இறங்கினால் கால் தரைக்கு எட்டவில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பி எங்கே இடிக்கக் கூடாதோ அங்கே இடித்தது. மேஸ்திரி இரக்கமே இல்லாமல் சுற்றி வந்து பார்த்தார்.

“ஹேண்டில் எட்ட இருக்குது. எட்டிப் புடிச்சா மொத்த ஒடம்பும் உள்ளங்கையிலதான உக்காரும்? விரலு கிரலு மரத்துப்போச்சா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லாமலே ஒருவர் என் கவலையைக் கேட்கிறார்!

அடுத்த அரைமணியில் அந்தச் சுவரில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க் கடையில் டீ குடிக்கிறவர்கள் எல்லாம் திரும்பி உட்கார்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி அளந்து முடித்து, என் நீல சைக்கிளை மாற்றாக எடுத்துக்கொண்டு, மூலையிலிருந்து நிறம் வெளுத்த குட்டை சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பசங்க சைக்கிள் மாதிரி இருக்குதுங்களே மேஸ்திரி.”

“உன் காலு மட்டும் இன்னா, தென்னமரமா? ஏறு.”

குதிகாலைப் பெடலில் வைத்து, கீழே இறக்கும்போது கால் நேராகும்வரை சீட்டை ஏற்றினார். முழங்கை லேசாக மடங்கும்வரை ஹேண்டிலைக் கிட்டே கொண்டுவந்தார். அதோடு விட்டிருந்தால் அவர் ரசமட்டம் இல்லை. மறுநாள் என் கடைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நான் ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருக்கும்போது, “விரலு எப்படி கீது?” என்று கேட்டுக்கொண்டே வெளியே போய் சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். சீட்டு ஒரு நூல் பின்னால், ஹேண்டில் ஒரு நூல் மேலே. கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். வந்த வாடிக்கையாளர்கள் இது தையல் கடையா, சைக்கிள் கடையா என்று தயங்கித் திரும்பிப் போனார்கள். எனக்குச் சலித்துப்போனது. அவருக்குச் சலிக்கவில்லை. அவர் கடைக்கும் வருகிறவர்கள் கம்மி, வந்தவர்களையும் அவரே அனுப்பிவிடுகிறார்.

ஒரு மழை நாளில், மேசையில் விரித்த துணியில் கத்தரி இழுத்த இழுப்புக்கு ஓடியது. விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். சுண்டு விரல் சுள்ளென்று வலித்தது. எந்த வலிக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

அது நடந்து மாசக்கணக்காகிறது. இன்று காலையும் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

“இன்னா, சரியாப் பூடுச்சா?”

“சுண்டு விரல்ல மட்டும் கொஞ்சம் இருக்குதுங்க மேஸ்திரி.” நேற்றுதான் ஊசி குத்தி நான் துள்ளிய விரல் அது.

முகம் சுருங்கிப்போனது அவருக்கு. “நாளிக்கு வந்து ஒரு நூல் எறக்கிப் பாத்துடலாம், நீ பயப்படாத,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு டீ இரண்டாகச் சொல்ல வேண்டும்.