ஆட்சேபணை அண்ணனும் ஸ்டேஷன் ரோடு சால்வையும்

காவிரியில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், எங்கள் ஊரில் ஆட்சேபணை அண்ணன் எழுந்து நிற்காமல் ஒரு காரியமும் நடந்ததில்லை. அவர் நின்ற பிறகும் நடந்துவிடும் என்பது வேறு விஷயம்.

லுத்தரன் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கையில், ‘தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம்’ என்பார் போதகர். ஒப்புக்குச் சொல்வது என்று ஊருக்கே தெரியும். அண்ணன் எழுந்துவிட்டார்.

“பொண்ணு தங்கமான பொண்ணுங்க. மாப்பிள்ளை வலங்கைமான்ல வாத்தியார்னாங்க. போய் விசாரிச்சேன். பள்ளிக்கூடத்துல யாருக்கும் அவரைத் தெரியலீங்க.”

கல்யாணம் நடந்தது. பந்தியில் அண்ணன் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றி மேம்பாடு செய்யப் போவதாகவும், கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் போவதாகவும் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். என் ஜெராக்ஸ் கடை ஸ்டேஷன் வாசலுக்கு நேர் எதிரே. நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து வீட்டுக்கும் கழிப்பறைக்குமாக நான் நடந்த நடைக்கு வேளாங்கண்ணிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

“பயப்படாதடா. கருத்துத்தானே கேக்குறான், சொல்லு. ‘என் கடைக்கு இடம் எங்க?’ அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறக்காத” என்றார் அண்ணன்.

மண்டபத்துத் திரையில் படம் காட்டினார்கள். எங்கள் ஸ்டேஷன் ரோடுதான். என்ன, சுத்தமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் கையில் காபியோடு உலவினார்கள். என் கடை இருந்த இடத்தில் ஒரு நீரூற்று.

வியாபாரிகள் சார்பில் கருத்துச் சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் தெரியுமே: மேடை ஏறியவனுக்குச் சால்வை உண்டு, சால்வை விழுந்தவன் நன்றி சொல்லியாக வேண்டும். அதிகாரி சிரித்தபடி போர்த்தினார். சரிகை தோளில் பட்டதும் என் கைகள் தானாகக் குவிந்தன. “இந்தச் சிறப்பான திட்டத்தில் எளியேனையும் அழைத்துக் கௌரவித்த...” என்று ஆரம்பித்தவன், நிறுத்தத் தெரியாமல் ஊரின் நெடுநாள் கனவுவரை போய்விட்டேன். ஒரே கைதட்டல். என் கடையை நானே இடித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கடைசி வரிசையில் அண்ணன் எழுந்தார்.

“இவன் சொல்ல வந்தது அது இல்லீங்க. இவன் கடைக்கு இடம் எங்கங்க?”

“உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டோம் சார்.”

“பதிவு பண்ணாதீங்க. பதில் சொல்லுங்க.”

அதிகாரி கண் காட்டினார். இரண்டு பேர் சால்வையை விரித்துப் பிடித்தபடி அண்ணனை நோக்கி வந்தார்கள். அவர் நாற்காலிகளுக்குள் புகுந்து ஓடினார். “கிட்ட வராதீங்க. ஏற்கனவே வேர்க்குது எனக்கு.” சாரைப்பாம்பைப் பிடிப்பது போல மண்டபத்தைச் சுற்றித் துரத்தினார்கள். அவர் பிடிபடவேயில்லை.

அப்போது மைக்கில் ‘சாப்பாடு தயார்’ என்றார்கள். மண்டபம் காலியானது. அண்ணன் நாற்காலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பந்திக்குப் போனேன். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

மறுநாள் பேப்பரில் சால்வையும் கும்பிட்ட கையுமாக நான். மேலே, ‘திட்டத்துக்கு வியாபாரிகள் வரவேற்பு.’

“போட்டோ நல்லா விழுந்திருக்கு. ஃப்ரேம் போட்டுரலாம். மாட்டத்தான் கடை இருக்காது” என்றாள் மனைவி.

இடிக்க வந்த பொக்லைனுக்குக் குறுக்கே அண்ணன் நின்றார். டிரைவர் தலையை நீட்டினார்.

“பெரியவரே, கூட்டத்துல சரின்னு சொல்லிட்டு இப்ப வந்து நிக்கலாமா?”

அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை. “சரின்னது யாருன்னு தெரியல தம்பி” என்றார்.

போலீஸ்காரர் அவர் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார். அரை மணியில் என் கடை தரையானது. இன்று அங்கே நீரூற்று இருக்கிறது, தண்ணீர் இல்லை. சிப்ஸ் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. எங்கள் கருத்து எங்கே பதிவானதோ, அதுவும் அப்படித்தான் கிடக்கும்.

நான் பின்னால் ஒரு முட்டுச் சந்தில் மெஷினைப் போட்டிருக்கிறேன். ஆள் வருவதில்லை. அண்ணன் மட்டும் தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து ஆதார் கார்டை நீட்டுகிறார். ஒரு மனிதருக்கு எதற்கு இத்தனை நகல் என்று நான் கேட்பதில்லை. அவர் வரும் நேரம் பார்த்து, ஃபேனை அவர் உட்காரும் பக்கம் திருப்பி வைக்கிறேன்.