தரையில் காய்த்த திராட்சை

ஒரு காட்டில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. திராட்சை என்றதும் நரியைத் தேடாதீர்கள், அது எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டது. இங்கே விஞ்ஞானி, குழலி என்ற மரநாய்.

குழலி வேலைக்குச் சேர்ந்தபோது கொடிகளெல்லாம் சாம்பல் நோயில் கருகிக் கிடந்தன. நோய் தாங்கும் கொடியின் பழத்தை வாயில் வைக்க முடியாது. இனிக்கும் கொடியோ நோய் தாங்காது. இரண்டையும் சேர்த்துவைக்க, ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் தடவி, உறை போட்டு, விதை எடுத்து முளைக்கவைத்து, காய்க்க மூன்று வருடம் காத்திருந்து, தேறாததைப் பிடுங்கி எறிந்து, மறுபடி முதலிலிருந்து. இப்படியே இருபத்திரண்டு வருடம். கல்யாணம்கூடத் தள்ளித் தள்ளிப் போய் இல்லையென்றே ஆகிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு கொடி தேறியது. நோய் அண்டவில்லை, பழமோ கற்கண்டு.

ஆனால் ரகம் வெளியாக வேண்டுமென்றால் தேர்வுக் குழுத் தலைவர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் வராகமூர்த்தி, காட்டுப்பன்றி. அவருக்குக் கழுத்து நிமிராது. பந்தலில் தொங்குவதைப் பறித்துக் கொடுக்கலாமே என்கிறீர்களா? கூடாது. பறித்தால் யாராவது தேனில் முக்கிவிடுவார்களாம், விதி அப்படி. ஆகவே கீழே உதிர்ந்து மூன்று நாளாய் அழுகிக் கிடந்ததைத் தின்றுவிட்டு, புளிக்கிறது என்று எழுதினார். அடுத்த வருடமும் அதையே எழுதினார்.

குழலி வருடங்களை எண்ணிப் பார்த்தாள். ஓய்வுக்கு இன்னும் நான்கே வருடம். அதற்குள் வெளியாகாத கொடியை வேரோடு பிடுங்கிவிடுவது நிலையத்தின் வழக்கம். வரப்போகிறவருக்கு இடம் வேண்டுமல்லவா.

"ஐயா, ஒரே ஒரு தடவை பந்தலடியில் கிடக்கிற அந்தக் கல்மேல் ஏறி நின்று தின்று பாருங்கள்" என்று கெஞ்சினாள்.

"தலைவர் கல்லேறினால் மரியாதையா அம்மா?" என்றார் அவர்.

குழலி வேறு வழியில்லாமல், பாறை இடுக்கில் படர்ந்திருந்த ஒரு தரைக்கொடியைத் தேடிப் பிடித்துத் தன் கொடியோடு கலந்தாள். மூன்று வருடத்தில் குலைகள் மண்ணில் புரண்டன. பழம் பல் கூசுகிற புளிப்பு. தலைவர் நிமிர வேண்டியிருக்கவில்லை, நின்ற இடத்திலேயே ஒரு குலையை முழுங்கினார்.

"இதுதானம்மா பழம். ஆளை மதிக்கத் தெரிந்த பழம். என்ன இனிப்பு!" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். ரகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஓய்வு பெறும் நாளில் குழலிக்கு மாலை, பொன்னாடை, வாழ்நாள் சாதனை விருது எல்லாம் கிடைத்தன. மேடைக்குப் பின்னால் பழைய பந்தலைப் பிரித்து, அந்தக் கற்கண்டுக் கொடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் குழலி தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

நீதி: பழத்தின் இனிப்பைத் தீர்மானிக்கும் மரபணு தலைவரின் கழுத்தில் இருக்கிறது, ஆராய்ச்சியை அங்கிருந்தே தொடங்கவும்.